ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க

நோட்டரி ஆக வேண்டும் என்று யாரும் சின்ன வயதில் ஆசைப்படுவதில்லை. எனக்கும் அப்படி ஓர் ஆசை இருந்ததில்லை. கோர்ட்டில் எழுந்து நின்றால் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதுதான் காரணம். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்திவிட்டால், ராத்திரி முழுக்கப் படித்துவைத்த செக்‌ஷன் வாய்க்கு வராது. சாயங்காலம் மூணாறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு வரிசையாக எல்லாம் வரும். தேவிகுளத்தில் ஜூனியராக இருந்தபோது என் சீனியர் ஒரு மழைக்காலத்துக்குள்ளேயே இதைக் கண்டுகொண்டார். மலையாளி, மூணாறு பக்கத் தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். வக்கீல் தொழிலோடு நோட்டரியாகவும் இருந்தார். "வாதிக்க வேற ஆள் உண்டு. நீ இதை எழுது" என்று நோட்டரி ரிஜிஸ்தரை என் பக்கம் தள்ளினார். அவமானப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. இதை வெளியில் சொல்ல இத்தனை வருஷம் எடுத்திருக்கிறது.

1952-ல் வந்த நோட்டரிகள் சட்டமும் 1956-ன் விதிகளும்தான் எங்கள் வேதம். நோட்டரியாக 10 வருஷ வக்கீல் அனுபவம் வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கும் 7 வருஷம் போதும். அந்தச் சலுகையைக் கூச்சமில்லாமல் எடுத்துக்கொண்டேன். அதற்குள் கல்யாணமாகிச் சித்தூர் வந்துவிட்டிருந்தேன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். மூணாறும் சித்தூரும் ஒரே மாநிலம்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் பிறந்தகம் போவதென்றால் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய், சின்னாறில் மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். நடுவில் இருப்பது வேறு மாநிலம், இரண்டு முனையிலும் இருப்பது ஒரே மாதிரி ஆட்கள்: பேச்சு தமிழ், ரேஷன் கார்டு மலையாளம்.

ரிஜிஸ்தரைப் பற்றிச் சொல்கிறேன். வக்கீல்களுக்கே அதன்மேல் பெரிய மரியாதை கிடையாது. வரிசை எண், தேதி, என்ன காரியம், வந்தவர் பெயரும் முழு விலாசமும், பத்திரத்தில் இருப்பதன் சுருக்கம், கட்டணம், வந்தவர் கையெழுத்து, நோட்டரி கையெழுத்து என்று கட்டம் கட்டமாக இருக்கும். புது ரிஜிஸ்தரைத் தொடங்கும் முன் முதல் பக்கத்தில் மொத்தம் எத்தனை பக்கம் என்று எழுதி, தேதி போட்டு, நோட்டரி கையெழுத்திட வேண்டும். மாவட்ட நீதிபதி வருஷத்தில் இரண்டு தடவைக்கு மேற்படாமல் அதை வாங்கிப் பார்க்கலாம். ஜனவரி முதல் வாரத்தில் போன வருஷக் கணக்கு அரசாங்கத்துக்குப் போக வேண்டும். பத்திரம் ஆங்கிலம் அல்லாத மொழியில் இருந்தால் ரிஜிஸ்தர் குறிப்பையும் அந்த மொழியிலேயே எழுதலாம் என்றும் ஒரு விதி உண்டு. தமிழ்ப் பத்திரம் வந்தால் நான் தமிழில்தான் எழுதுகிறேன். ஆரம்பத்தில் இதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. விதியை எடுத்துக் காட்டினேன், சிரிப்பு நின்றது.

தேவிகுளத்தில் ரிஜிஸ்தருக்குத் திருடனோ கரையானோ எதிரி இல்லை, ஈரம்தான். ஜூன் மாதம் மழை தொடங்கினால் அட்டையில் பூசணம் பூக்கும், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சீனியர் ரிஜிஸ்தர்களை ஒரு மர பீரோவில் வைத்து, அடித்தட்டில் ஒரு குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிடுவார். கரண்ட் போனால் அவர் முகம் வாடிவிடும். இரண்டு கக்கத்திலும் இரண்டு ரிஜிஸ்தரை இடுக்கிக்கொண்டு, பக்கத்து டீக்கடை அடுப்போரம் போய் உட்கார்ந்திருப்பார். "வீட்டுல பிள்ளைங்களைக்கூட இப்படிப் பார்க்கறதில்ல" என்று அவர் மனைவி என்னிடம் குறைப்பட்டிருக்கிறார். நியாயமான குறைதான்.

அந்த பீரோவில் இருந்ததெல்லாம் பெரும்பாலும் பெயர் விவகாரம். எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆபீஸில் இருந்தவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் ஒன்று. ரேஷன் கார்டில் மலையாள எழுத்தில் ஏறிய பெயர் ஒன்று. வோட்டர் கார்டில், ஆதாரில், பேங்கில் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதம். பேச்சியம்மாள் என்பவர் கம்பெனிப் புத்தகத்தில் வெறும் பேச்சியாக இருப்பார். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கேரளத்து விண்ணப்பத்தில் வீட்டுப்பேர் என்று ஒரு கட்டம் இருக்கும். லயம் என்பது எஸ்டேட்டின் வரிசை வீடு, அதற்கு ஏது பேர்? டிவிஷன் பேரையும் லயத்து நம்பரையும் அதில் எழுதிவிடுவார்கள். பிறகு ஆயுசு முழுக்க அந்த அம்மாளின் வீட்டுப்பேர் அதுதான்.

இதெல்லாம் வேலை செய்கிற வரை யாருக்கும் உறைக்காது. ரிட்டையர்டு ஆகும்போது மொத்தமாக வந்து நிற்கும். பி.எஃப். பணம் ஒரு பெயரில், பேங்க் கணக்கு இன்னொரு பெயரில். லயத்தைக் காலி செய்ய வேண்டும், சங்கரன்கோவில் பக்கமோ கயத்தாறு பக்கமோ சொந்த ஊருக்குப் போய் ஒரு வீட்டைப் பிடிக்க வேண்டும், பணமோ நகராது. அப்போதுதான் எங்களிடம் வருவார்கள். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம். மலையாளத்தில் சத்தியவாங்மூலம், எங்கள் ஆட்கள் வாயில் அது "அபிடவிட்டு".

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் பெருவிரல் ரேகை. கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை வாங்குவது சின்ன வேலை இல்லை. விரல் நுனியில் தேயிலைக் கறை கறுத்து ஊறிப்போயிருக்கும், தோல் தேய்ந்து வழவழவென்று இருக்கும். மை தொட்டு அழுத்தினால் காகிதத்தில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம் விழும். உள்ளே கோடே இருக்காது. இன்னொரு தடவை என்போம். பிறகு விரலை ஈரத்துணியால் துடைத்து, மையைக் குறைத்து, நானே கையைப் பிடித்து ஓரத்திலிருந்து ஓரம் உருட்டுவேன். ஒரு பக்கமாக நாலைந்து கோடு தெரிந்தால் அது பெரிய வெற்றி. வேலை முடிந்ததும் அந்த அம்மா மைவிரலைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வார். என் அம்மாவும் அப்படித்தான் துடைப்பாள். அவளும் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து கிள்ளியவள்.

மனதில் கிடப்பதைச் சொல்ல வேண்டிய இடம் இது. பி.எஃப். ஆபீஸுக்கு எங்கள் பத்திரம் மட்டும் போதாது. தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு அறிவிப்பும் வேண்டும். சாதிச் சான்றிதழ் என்றால் இன்னும் மோசம். 1950 ஆகஸ்டு 10-ல் பட்டியல் இனங்களுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அந்தத் தேதிக்கு முன்னாலிருந்தே குடும்பம் கேரளத்து எல்லைக்குள் இருந்தது என்பதற்குத் தாள் கேட்பார்கள். தாத்தா காலத்துச் செக்ரோல், அதாவது எஸ்டேட் ஆள்கணக்குப் புத்தகம், எங்கே கிடைக்கும்? பிள்ளைக்குக் காலேஜ் சீட்டு நிற்கிறதே என்று ஓடிவந்து, "எங்க தாத்தா அப்பவே இங்கதான் இருந்தாருன்னு நீங்க ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க" என்பார்கள். அந்தத் தாத்தாவை நான் பார்த்ததில்லை. கேட்கிற பேரனும் பார்த்ததில்லை. பேரன் சத்தியம் செய்வதை நான் எழுதி வாங்கலாம். அது அவர் சொன்ன சொல், வில்லேஜ் ஆபீஸர் அதை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டு, "வேறென்ன இருக்கு?" என்றுதான் கேட்பார்.

5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரை. விதியில் சொல்லியிருக்கும் அளவு அது. எங்கள் மக்களுக்கு அதன்மேல் இருக்கிற நம்பிக்கையைப் பார்த்தால் எனக்கே சில சமயம் பயமாக இருக்கும். அதில் அரசாங்கம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். உள்ளபடி அதில் இருப்பது இவ்வளவுதான்: இன்ன தேதியில் இந்த ஆள் என் முன்னால் வந்தார், யார் என்று எனக்குக் காட்டினார், எழுதியிருப்பதைப் படித்துக் காட்டினேன், புரிந்தது என்றார், கையெழுத்திட்டார். எழுதியிருப்பது உண்மையா என்று முத்திரைக்குத் தெரியாது. இது எனக்கு முதல் மாதத்திலேயே தெரியும். வருகிறவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் என் வீட்டு அரிசி வெந்தது. கட்டணத்தை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எழுதி ஒட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்தத் தாள் எதற்கு உதவாது என்று எழுதி ஒட்டச் சொல்லி எந்த விதியும் இல்லை.

சீனியரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பணத்தைக் கையில் வாங்கும் முன் சொல்லிவிடுவார். "இதைக் கொண்டுபோனா இன்ன ஆபீஸ்ல எடுப்பாங்க, இன்ன ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்க. இப்ப வேணுமா?" பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஜூனியருக்குச் சம்பளம் தர அவர் திணறிய மாதங்களில், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்திருக்கிறது. இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு சீலைப் போட்டால் என்ன என்று தோன்றும். அந்த எரிச்சல் மறையப் பல வருஷம் ஆனது. முழுசாக மறைந்ததா என்றால், கரண்ட் பில் வருகிற வாரத்தில் இல்லை.

நிலம் என்று வந்தால்தான் இந்தப் பழக்கத்தின் அருமை தெரியும். மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் பட்டயம், அதாவது அரசு தரும் நில உரிமைச் சான்று, ஒரு தீராத கதை. 1977 ஜனவரி 1-க்கு முன்னால் வனநிலத்தில் குடியேறியவர்களுக்குப் பட்டயம் கொடுக்க 1993-ல் தனி விதிகள் வந்தன. 1999-ல் தேவிகுளம் தாலுகாவில் கொடுக்கப்பட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பட்டயங்களை ரத்துசெய்ய 2022 ஜனவரியில் அரசு உத்தரவிட்டது. கையில் பட்டயம் வைத்திருந்தவர்களுக்கே இந்த நிலை. பட்டயமே இல்லாதவர் என்ன செய்வார்? ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிய முடியாது. ஆகவே முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம், அதில் ஒரு நோட்டரி சீல், இரண்டு சாட்சி. கைமாறிப் போய்க்கொண்டே இருக்கும். நாலாவது கையில் இருப்பவர் மூன்று ஒப்பந்தங்களையும் பாலிதீன் பையில் போட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்.

சட்டம் இதில் குழப்பமே வைக்கவில்லை. 1908-ன் பதிவுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான நிலத்தை விற்றால் பதிந்தாக வேண்டும். பவர், ஒப்பந்தம், உயில் மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாலும் உரிமை மாறாது என்று 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இலங்கையில் கதை வேறு. அங்கே 1840-லிருந்தே நிலம் கைமாற நொத்தாரிசின் முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் செல்லும். உறுதியை எழுதுகிறவரே அவர்தான், பிரதியைக் காப்பதும் பதிவுக்கு அனுப்புவதும் அவர் பொறுப்பு. ஹட்டனில் இருந்து வந்த எங்கள் தூரத்துச் சித்தப்பா ஒருவர், என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நொத்தாரிசம்மா" என்று எழுந்து நிற்பார். சித்தப்பா, இங்கே அந்த அதிகாரம் இல்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவர் உட்காரவே இல்லை.

தேவிகுளத்தில் ஒரு தரகர் வருவார். நல்ல பேச்சுக்காரர், கையில் எப்போதும் பலகாரப் பொட்டலம். ஓர் ஒப்பந்தத்தில் போன வருஷத் தேதியைப் போட்டுத் தரச் சொன்னார். சீனியர் கோபப்படவே இல்லை. ரிஜிஸ்தரைத் திறந்து அந்தத் தேதியை எடுத்தார். மேலே ஒரு டிரைவரின் லைசென்ஸ் விவகாரம், கீழே ஒரு விதவையின் பென்ஷன் பத்திரம். "இந்த ரெண்டு பேருக்கும் நடுவுல எங்க உன் ஆளை உட்கார வைப்பே?" என்றார். தரகர் எட்டிப் பார்த்தார். வரிசை எண் இடைவெளியில்லாமல் ஓடியது. பொட்டலத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார். பக்கத்துக்கு ஒரு வரி வெற்றாக விட்டுவைக்கிற நோட்டரிகளும் உண்டு. ஏன் என்று கேட்டால் "ஒரு அவசரத்துக்கு" என்பார்கள். அந்த அவசரம் யாருடையது என்று அவர்களும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை.

சித்தூர்ப் பக்கம் வந்த பிறகு மாநில எல்லை நேராக என் மேசைக்கே வந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறையில் வீடு, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. இப்படி நிறையக் குடும்பங்கள். தோப்புக்குப் பட்டாவும் சிட்டாவும், வீட்டுக்குக் கரம் கட்டின ரசீதும் தண்டப்பேரும். இரண்டு அரசாங்கமும் ஒன்றின் தாளை இன்னொன்று சந்தேகமாகவே பார்க்கும். தமிழ்ச் சான்றிதழை மொழிபெயர்த்துச் சரி என்று சான்று சொல்வதும் நோட்டரியின் வேலைகளில் ஒன்று. எனக்கு இங்கே கிடைக்கும் வருமானத்தில் நல்ல பங்கு அதிலிருந்துதான். 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மை மொழிப் பகுதிகளில் தமிழிலேயே மனு எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. வருகிறவர்களிடம் சொன்னால், "அப்படிங்களா?" என்று வியந்துவிட்டு, "எதுக்கும் மலையாளத்துலயே எழுதிருங்க, வேலை ஆகட்டும்" என்பார்கள். என் வருமானத்தைக் குறைக்கும் செய்தியைத்தான் சொல்கிறேன், கேட்கத்தான் ஆள் இல்லை.

அப்புறம் காதலர்கள். பொள்ளாச்சிப் பையன், வேலந்தாவளம் பெண். அல்லது நேர்மாறாக. எல்லையைத் தாண்டிவிட்டால் ஏதோ தப்பித்த மாதிரி ஒரு மூச்சு விடுவார்கள். "நோட்டரி கல்யாணம் பண்ணி வைங்க வக்கீலம்மா." அப்படி ஒரு கல்யாணம் எந்தச் சட்டத்திலும் இல்லை. நோட்டரிகள் கல்யாணத்துக்கோ விவாகரத்துக்கோ பத்திரம் எழுதித் தரக் கூடாது என்று 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகம் கண்டிப்பாகவே சொன்னது. அதற்கு முன்பும் நான் செய்ததில்லை. 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தையும் அதில் இருக்கும் 30 நாள் நோட்டீஸையும் சொன்னால் அந்தப் பெண்ணின் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. 30 நாள் அவர்கள் எங்கே இருப்பார்கள்? வயதுச் சான்றை மட்டும் வாங்கிப் பார்ப்பேன். டீ வாங்கித் தருவேன். யாரிடம் போக வேண்டும் என்று எழுதித் தருவேன். சீல் இருக்கிற டிராயரைத் திறக்க மாட்டேன்.

2020 ஆகஸ்டு 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர். பெரும்பாலும் எங்கள் ஆட்கள், தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். நான் அப்போது சித்தூரில் இருந்தேன். என் சான்றிதழில் எழுதியிருக்கும் பகுதியும் சித்தூர்தான். மலையில் போய் நின்றால் என் முத்திரை வெறும் ரப்பர். சில நாள் கழித்துத் தூரத்துச் சொந்தக்காரர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். அழுகை எல்லாம் முதல் போனிலேயே தீர்ந்துபோயிருந்தது. பிறகு வந்த கேள்விகள் ஒவ்வொன்றும் தாளைப் பற்றியவை. இறந்தவர் பெயர் கம்பெனிப் புத்தகத்தில் ஒரு மாதிரி, பேங்கில் ஒரு மாதிரி. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. வாரிசு யார் என்று காட்ட வேண்டியவரும் போய்விட்டார். நான் எதிலும் கையெழுத்திட முடியாது. என்ன எழுத வேண்டும் என்று தமிழில் ஒவ்வொரு வரியாகப் போனில் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். "தொலைந்தது எங்கே என்று எழுதணுமாம், என்ன எழுத?" என்று கேட்டான். நடந்ததை அப்படியே எழுதச் சொன்னேன். மூணாறிலோ தேவிகுளத்திலோ இருக்கும் நோட்டரியிடம் ஆளை நேரில் கூட்டிப் போ, தாளை மட்டும் கொடுத்துவிடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவனுக்கு அந்த நேரத்தில் நான் சட்டம் பேசுகிறவளாகத் தெரிந்திருப்பேன். ஆனால் நாளைக்கு யாராவது பங்கு கேட்டு வழக்குப் போட்டால், ரிஜிஸ்தரில் அந்த ஆளின் கையெழுத்து இருக்கிறதா என்பதுதான் நிற்கும்.

இப்போது என் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறேன், முன்பு ஒன்றுதான். பத்திரத்தைக் கொண்டுவருகிற மகனோ மருமகனோ ஒன்றில், யாருடைய பத்திரமோ அவர் இன்னொன்றில். இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தால் பேனாவைத் திறப்பதில்லை. "அம்மாவால நடக்க முடியாதுங்க" என்பார்கள். சரி, கீழே ஆட்டோவில் இருக்கட்டும், ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன் என்பேன். ஆட்டோவில் அம்மா இல்லாத நாட்களும் உண்டு.

எருத்தேன்பதிக்காரர் ஒருவர் போன மாதம் நில ஒப்பந்தத்தோடு வந்தார். அவருக்கு மலையில், பட்டயமில்லாத ஏலத்தோட்டத்தில் ஒரு துண்டு வாங்க ஆசை. விற்பவர் வரவில்லை, கையெழுத்து மட்டும் வந்திருந்தது. முடியாது என்றேன். விற்பவரே வந்தாலும் இது கிரயம் ஆகாது, உங்கள் பணத்துக்கு ஈடு இல்லை என்பதையும் சொன்னேன். "சீல் போடறதுக்கு முன்னாடியே இப்படிப் பயமுறுத்தினா எப்படிங்க வக்கீலம்மா?" என்று சத்தம் போட்டுவிட்டு எழுந்து போனார். வேறெங்கோ வாங்கிக்கொண்டார் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் தன் மருமகனுக்குப் பெயர்த் திருத்தப் பத்திரம் வேண்டும் என்று என்னிடமே அனுப்பியிருந்தார். "அந்தம்மா ஆளை நேர்ல பார்த்தாத்தான் போடும், நீயே போ" என்று சொல்லி அனுப்பினாராம். மருமகன் நேரில்தான் வந்தார், ஆதார் கார்டை வீட்டில் வைத்துவிட்டு.